பெயரேடும் பெயருடையோரும்: மின்னஞ்சல் விளம்பரத்தின் சொல்லாட்சி

தொழில்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனச் சொற்றொகுதி ஒன்றை ஆக்கிக்கொள்வது இயல்பு. உழவனும் தச்சனும் மீனவனும் தாம் கையாளும் பொருளின் நுட்பங்களுக்கேற்பச் சொற்களைப் படைத்தனர். மின்னஞ்சல் வழியே விளம்பரம் செய்யும் தொழிலும் இதற்கு விலக்கன்று. ஆயின் அத்தொழில் கையாளும் பொருள் மரமோ மண்ணோ மீனோ அன்று. மனிதரின் பெயரும் முகவரியுமே அதன் மூலப்பொருள். ஆதலின் அதன் கலைச்சொற்களை வெறுந் தொழில்நுட்பக் குறியீடுகளாகக் கொண்டு மொழிபெயர்த்து அமைதல் போதாது. அவை எவர் பக்கத்தில் நின்று பேசுகின்றன என்பதும் கேட்கப்படல் வேண்டும்.

இத்தொழில் தோன்றிய நாளில் அதற்குப் பெயரே இருக்கவில்லை. 1978 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் இயங்கிய ஆர்ப்பாநெற் என்னும் கணனி வலையமைப்பின் வழியாக, டிஜிற்றல் எக்குவிப்மென்ற் கோப்பரேஷன் என்ற கணனி நிறுவனத்தைச் சார்ந்த கேரி தேர்க் என்பவர், அந்நாட்டின் மேற்குக் கரையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்ப முற்பட்டார். புதிய கணனிகளை அறிமுகஞ் செய்யும் கூட்டங்களுக்கான அழைப்பு அது. முகவரிகள் அச்சிட்ட விபரக்கொத்தொன்றிலிருந்து எடுத்துத் தட்டச்சிடப்பட்டன. அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட இடம் போதாமற் போகவே, எஞ்சியவை கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்தன. பின்னாளில் எவரும் காணாதவாறு மறைத்து வைக்கப்படும் பட்டியல் அன்று கூச்சமின்றி வெளியே நின்றது. வலையமைப்பை நிருவகித்தோர் அச்செயலை விதிமீறலெனக் கண்டித்தனர். விற்பனை நன்கு நடந்ததாகவே தேர்க் பிற்காலத்திற் கூறிவந்தார்.

இத்தகைய கடிதத்திற்கு ‘ஸ்பாம்’ எனும் பெயர் பின்னரே வந்து ஒட்டிக்கொண்டது. அது ஹோர்மல் என்ற அமெரிக்க நிறுவனம் 1937 இல் விற்பனைக்கு விட்ட, தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சியின் பெயர். 1970 இல் மொன்ரி பைதன் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினர் தொலைக்காட்சி நாடகத் துணுக்கொன்றில் ஓர் உணவகத்தைக் காட்டினர். அங்கு எந்த உணவைக் கேட்பினும் அவ்விறைச்சியே வரும். அருகிருப்போர் அப்பெயரையே ஓயாது பாடிப் பிறர் உரையாடலை மூழ்கடிப்பர். கணனி வலையில் ஆரவாரஞ் செய்வோருக்கு இளைஞர் அப்பெயரை இட்டனர். 1994 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சட்டத்தரணிகள் இருவர், குடிவரவு அனுமதிச் சீட்டிழுப்புப் பற்றிய தமது விளம்பரத்தை ஆயிரக்கணக்கான கலந்துரையாடற் குழுக்களுள் ஒருங்கே புகுத்தியபின் அச்சொல் உலகறிந்ததாயிற்று. இறைச்சி நிறுவனம் இறுதியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: அஞ்சலைக் குறிக்குமிடத்துச் சிறிய எழுத்தில் எழுதுக, இறைச்சிப் பெயருக்கே பெரிய எழுத்து உரியது என்பதே அது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அற்ற தமிழ் நெடுங்கணக்கில் அந்நிறுவனத்தின் மானத்தைக் காக்க வழியில்லை!

இனி, பட்டியலில் இருப்போரைக் குறிக்கும் சொல்லை நோக்கலாம். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ‘கீழே எழுதுதல்’ என்பதாகும். ஓர் ஏற்பாட்டின் கீழ்த் தன் கையால் தன் பெயரை இடுபவனே அச்சொல்லுக்குரியவன். தமிழில் நூற்பதிப்புக்கு முன்கூட்டி ஆதரவளித்தோரைக் கையொப்பக்காரர் என வழங்கிய பழைய வழக்கு இதனோடு மிக நெருங்கியது. இன்று அதனிடத்தைப் பிடித்திருக்கும் ‘சந்தாதாரர்’ என்பதோ பாரசீக வழிவந்தது; கையைவிடப் பணத்தையே முன்னிறுத்துவது. 1986 இல் பாரிஸ் நகரில் மாணவராயிருந்த எரிக் தோமஸ் என்பவர் ‘லிஸ்ற்சேர்வ்’ என்ற செய்நிரலை எழுதியபோது பழைய பொருள் இன்னும் உயிரோடிருந்தது. ஒருவர் தாமே கட்டளை எழுதி அனுப்பிப் பட்டியலிற் சேர்வார், அவ்வாறே விலகுவார். பட்டியலில் இருந்தோர் ஒருவருக்கொருவர் எழுதினர். வர்த்தகர் கைக்குப் பட்டியல் மாறியபின், ஒருவர் எழுதப் பல்லாயிரவர் பெறுவதே வழக்கமாயிற்று. சொல் மாறவில்லை. கையொப்பமிட்ட கையே காணாமற்போயிற்று.

படையெடுப்பு, இலக்கு, வெடிப்பு எனப் போர்க்களத்திலிருந்து இத்தொழில் இரவல் வாங்கிய சொற்கள் பல. விளம்பரத்துறை முழுவதற்கும் அவை பொதுவாதலின் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆழ்ந்து நோக்கற்பாலது இசைவு பற்றிய சொற்களிடையே நிகழும் பூசலாகும். முகவரியொன்று பட்டியலுக்கு வந்ததும், அதற்குரியவருக்கு ஒரு கடிதம் அனுப்பி, ‘சேர விரும்பியது நீர்தானா?’ எனக் கேட்டு, அவர் ஆமென்ற பின்னரே சேர்த்தல் ஒரு முறை. பிறர் முகவரியை எவரும் எழுதிக்கொடுத்துவிடலாம் ஆதலின் இஃது நியாயமான காவலே. விளம்பரஞ் செய்வோர் இதனை ‘இரட்டை இசைவு’ என்றனர். ஒருமுறை கேட்டதே போதும், மறுமுறை கேட்பது மிகை என்ற தொனி அப்பெயருக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. தேவையற்ற அஞ்சலை எதிர்த்தோர் அப்பெயரை மறுத்து, ‘உறுதிசெய்த இசைவு’ என்றே வழங்கினர். அவர்தம் கருத்தில், முகவரிக்குரியவர் வாய்திறக்கும்வரை இசைவு என ஒன்று இல்லவே இல்லை. இல்லாததை இரட்டிப்பது எங்ஙனம்? இவ்வழக்கில் நியாயம் பின்னவர் பக்கமே என்பது வெளிப்படை.

சட்டங்களும் இவ்விடத்திற் பிரிகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002 ஆம் ஆண்டுப் பணிப்புரை, முன்னிசைவு பெறுதலைப் பொதுவிதியாக்கிற்று. அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டமோ, விலக விரும்புவோருக்கு வழிவைத்தாற் போதுமெனக் கொண்டு, அவர் வேண்டுகோளை 10 வேலைநாட்களுள் நிறைவேற்றப் பணித்தது. முன்னதில் மௌனம் மறுப்பு. பின்னதில் மௌனம் சம்மதம்.

‘திறத்தல்’ என்ற சொல்லின் கதை வேறுவகையானது. கடிதம் படிக்கப்பட்டதா என அறிய, கண்ணுக்குப் புலனாகாத ஒற்றைப் புள்ளியளவான படமொன்று அதனுள் வைக்கப்படும். பெறுநரின் கணனி அப்படத்தை அனுப்புநரின் சேவையகத்திலிருந்து வரவழைக்கும் கணத்தில் ‘திறந்தார்’ எனப் பதிவாகும். சாவித்துவாரத்து வழியே பார்த்தலுக்கு இடப்பட்ட நாகரிகமான பெயர் இது. 2021 இல் அப்பிள் நிறுவனம், பெறுநர் படித்தாலும் படியாவிட்டாலும் அப்படங்களை முன்கூட்டியே வரவழைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. அதன் பின்னர் எவரும் தொடாத கடிதங்களும் திறக்கப்பட்டனவாகக் கணக்கேறின.

பட்டியலைத் துப்புரவு செய்தல் என்பதும் ஒரு தொடர். சேராது திரும்பும் கடிதங்கள் ‘துள்ளல்’ எனப்படும். பெட்டி நிறைந்திருத்தல் போன்ற தற்காலிகக் காரணத்தால் நிகழ்வது மென்துள்ளல். அத்தகைய முகவரியே இல்லாமை போன்ற நிரந்தரக் காரணத்தால் நிகழ்வது வன்துள்ளல். 1982 இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறையில் முன்னதன் குறியீட்டெண் 4 இலும் பின்னதன் எண் 5 இலும் தொடங்கும். வன்துள்ளற் பெயர்கள் நீக்கப்படும். ஆயின் தாமே விலகியோரின் பெயர்கள் அவ்வாறு அழிவதில்லை. அழிந்தால், வேறொரு பட்டியல் வழியே அவை மீண்டும் உள்ளே வந்துவிடும். எனவே அவை ‘தடுப்புப் பட்டியல்’ என்ற தனியேட்டிற் பேணப்படுகின்றன. மறந்துவிடுங்கள் என வேண்டியவரை மறவாது நினைவில் வைத்திருத்தலே அவ்வேண்டுகோளை நிறைவேற்றும் வழியாகிறது.

இறந்தோருக்கு மட்டும் இச்சொற்றொகுதியில் இடமில்லை. ஒருவர் காலமான பின்னரும் அவர் அஞ்சற்பெட்டி கடிதங்களை ஏற்றுக்கொண்டேயிருக்கும். ஆதலின் துள்ளல் நிகழாது. பட்டியலில் அவர் ‘செயலற்றவர்’ என்ற வகுப்பில், சலிப்புற்றோரோடும் முகவரி மாறியோரோடும் சேர்த்து எண்ணப்படுவார். அவ்வகுப்பாரை மீட்டற்பொருட்டு, ‘உங்களைக் காணாது வருந்துகிறோம்’ என்ற பாங்கிலான கடிதங்கள் அனுப்பப்படுகின்றன. அவை சில வீடுகளில் விதவையராலும் பிள்ளைகளாலும் படிக்கப்படும். காலப்போக்கில் அஞ்சற்சேவை அப்பெட்டியை மூடிவிடும். இரண்டாண்டு பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் ஏற்பாட்டைக் கூகிள் நிறுவனம் 2023 டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கிற்று. சில சேவையகங்கள் கைவிடப்பட்ட முகவரிகளைச் சிறிதுகாலம் மூடிவைத்துப் பின்னர் பொறியாகத் திறந்துவைக்கின்றன. நீண்டகாலம் எவரும் இல்லாத முகவரிக்கு எழுதுபவர் பட்டியலைப் பேணாதவர் என்பது அவற்றின் கணக்கு. காணாது வருந்துவதாகக் கூறும் கடிதம் அங்கு வந்து சேருமாயின், அதனை அனுப்பிய சேவையகத்தின் நற்பெயர் குறைக்கப்படும்; மீண்டும் மீண்டும் வருமாயின், அதன் கடிதங்கள் வாயிலிலேயே மறிக்கப்படும்.