ஓடத் தெரிந்தும் நடப்பவர்கள்

நடைப்போட்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. வளர்ந்த ஆண்கள் கூட்டமாக இடுப்பை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டு, கைகளை மடக்கி வீசிக்கொண்டு சாலையில் விரைவதை முதன்முதலாகப் பார்க்கும் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். நூறு மீட்டர் ஓட்டம் என்றால் குடும்பமே தொலைக்காட்சி முன் கூடிவிடும். நடைப்போட்டி வந்தால் அலைவரிசை மாறிவிடும்.

என் அக்கா மகன் தன் இடைநிலைப்பள்ளியில் நடைப்போட்டிக்குத் தேர்வானபோது எங்கள் வீட்டிலும் அதே சிரிப்புதான். "நடக்கிறதுக்கெல்லாமா போட்டி வைக்கிறாங்க?" என்று பாட்டி கேட்டார். ஓட்டத்தில் இடம் கிடைக்காத பையன்களை இதில் போட்டுவிடுகிறார்கள் என்று அக்கா நினைத்தார். பையன் மட்டும் எதுவும் சொல்லாமல் தினமும் மாலையில் தாமான் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். அப்போதுதான் நானும் அந்தப் போட்டியின் விதிகளைத் தேடிப் படித்தேன்.

முக்கிய விதிகள் இரண்டே இரண்டு. எந்த நேரத்திலும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னே வைக்கும் கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடல் அதன்மேல் நேராக வரும்வரை முட்டி மடங்காமல் இருக்க வேண்டும். பாதை நெடுக நடுவர்கள் நிற்பார்கள். சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டையைக் காட்டி எச்சரிப்பார்கள். தவறு உறுதியென்றால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து சிவப்பு அட்டை வந்துவிட்டால், பொதுவாக ஆட்டம் முடிந்தது.

இந்த விதியில் என்னைக் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. தரையை விட்டுக் கால் எழுந்ததா என்பதைத் தீர்மானிக்கக் கேமரா கிடையாது. மனிதக் கண்ணுக்குத் தெரிகிற பிழைதான் பிழை. காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உலகத்தரம் வாய்ந்த வீரர்களின் இரண்டு கால்களும் இமைப்பொழுது அந்தரத்தில் இருப்பது தெரியும். அதைக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எதிரே நிற்கும் ஒரு மனிதரின் பார்வையில் நீ நடக்கிறாய் என்று பட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. மாவட்டப் போட்டியில் கடைசிச் சுற்றில் எங்கள் பையன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். மூன்றாவது சிவப்பு அட்டை விழுந்தது. முட்டி மடங்கியதாம். பாதையை விட்டு வெளியே வந்தவன் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கார்வரை நடந்தான். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பாட்டு மேசையில்தான் வெடித்தான்.

"எனக்கு முன்னால போனவன் அந்தப் பக்க வளைவுல ஓடினான், மாமா. அங்க நடுவர் யாரும் இல்லை. அவன் ஓடினான், ஜெயிச்சான். நான் நடந்தேன், என்னை வெளிய அனுப்பிட்டாங்க."

நான் நின்ற இடத்திலிருந்து அந்த வளைவு தெரியவில்லை. அதனால் அவன் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு அது உண்மை. அக்கா, "விட்டுத்தொலைடா. அடுத்த வருஷம் எஸ்பிஎம். படிக்கிற வேலையைப் பாரு" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான். ஆனால் பையன் கேட்டது படிப்பைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ இல்லை. பிடிபடாமல் ஓடுகிறவன் ஜெயிக்கிற இடத்தில் நான் எதற்கு ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்டான். வேலைக்குப் போகிற நம்மில் பலர் ஒரு முறையாவது மனத்துக்குள் கேட்டுப்பார்த்த கேள்விதான் இது.

பதில் சொல்லத் தெரியாததால், மறுநாள் அவனை உட்காரவைத்து ஒரு பழைய போட்டியின் காணொளியைப் போட்டேன். 2016 ரியோ ஒலிம்பிக், ஆடவர் 50 கிலோமீட்டர் நடை. அந்தத் தேதி மலேசியர்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. அன்றுதான் பூப்பந்து அரையிறுதியில் லீ சோங் வெய், லின் டானை 15-21, 21-11, 22-20 என்று வீழ்த்தினார். நாடே அந்த அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நாளில், ரியோவின் பொந்தால் கடற்கரைச் சாலையில், இரண்டு கிலோமீட்டர் பாதையை 25 முறை சுற்றி நடந்துகொண்டிருந்தவர்களை இங்கே யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

உலகச் சாதனையாளரான பிரான்சின் யொஹான் டினிஸ் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் வயிறு கெட்டது. நின்றார், நடந்தார், தரையில் விழுந்தார், மறுபடி எழுந்தார். எட்டாவதாக வந்து முடித்தார். கடைசிக் கிலோமீட்டர்களில் ஸ்லோவாக்கியாவின் மத்தேய் தோத், ஆஸ்திரேலியாவின் ஜாரட் டாலண்டைத் தாண்டித் தங்கம் வென்றார். நேரம் 3 மணி 40 நிமிடம் 58 விநாடி. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 நிமிடம் 25 விநாடி, அதுவும் தொடர்ந்து ஐம்பது முறை. காலையில் பூங்காவில் ஓடுகிற நம்மில் பலருக்கு ஒரே ஒரு கிலோமீட்டரைக்கூட அந்த வேகத்தில் ஓடி முடிக்க முடியாது. இதைச் சொன்னதும் பக்கத்திலிருந்த அக்கா சிரிப்பதை நிறுத்தினார்.

நான் பையனுக்குக் காட்ட விரும்பியது தங்கத்தை அல்ல, மூன்றாவது இடத்தை. ஜப்பானின் ஹிரோக்கி அராயும் கனடாவின் இவான் டன்ஃபீயும் வெண்கலத்துக்குப் போராடினார்கள். முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் டன்ஃபீ முந்தினார். அராய் திரும்ப முந்தினார். முந்தும்போது அவருடைய கை டன்ஃபீமீது இடித்தது. டன்ஃபீயின் நடை குலைந்தது, கால்கள் தள்ளாடின. அராய் 3:41:24. டன்ஃபீ 3:41:38. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நடந்தபின் 14 விநாடி வித்தியாசம்.

கனடா புகார் செய்தது. அராய் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெண்கலம் டன்ஃபீக்கு வந்தது. ஜப்பான் மேல்முறையீடு செய்தது. தீர்ப்பு மாறியது. வெண்கலம் மறுபடி அராய்க்குப் போனது. விளையாட்டுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகும் வழி கனடாவுக்கு இன்னும் திறந்திருந்தது. டன்ஃபீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தப் போட்டியில் உடல் உரசுவது சகஜம், அராய் வேண்டுமென்று செய்ததாகத் தான் நினைக்கவில்லை, வழக்குப் போட்டு வென்றாலும் அந்தப் பதக்கத்தைத் தலைநிமிர்ந்து வாங்க முடியாது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

பையன் காணொளியை நிறுத்தினான். "ஏன் மாமா, இவர் என்ன முட்டாளா?"

எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஒலிம்பிக் பதக்கம் கடையில் கிடைக்கிற பொருளா? நான்காவது இடத்துக்கு மேடை கிடையாது, மாலை கிடையாது. நாளைக்குக் காலை பத்திரிகையில் பெயர்கூட வராது. அக்காதான் எங்கள் இருவருக்கும் பதில் சொன்னார். "தனக்கு என்ன நடந்துச்சுன்னு அவருக்குத் தெரியும். அதை மாத்திச் சொல்ல அவருக்கு மனசு வரலை. அவ்வளவுதான்டா."

அதே போட்டியில் இரண்டாவதாக வந்த டாலண்டின் கதையையும் பையனிடம் சொன்னேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் இரண்டாவது. முதலில் வந்த ரஷ்ய வீரர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி முடிவு ரத்தானது. டாலண்டின் கழுத்தில் தங்கம் ஏறியது 2016 ஜூனில், மெல்பர்னில். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாமதம். நடுவர் இல்லாத வளைவில் ஓடுகிறவர்கள் உலக அளவிலும் இருக்கிறார்கள். சிலர் பிடிபடுகிறார்கள். சிலர் பிடிபடாமலே போகலாம். அதைப் பையனிடம் மறைக்க எனக்கு மனமில்லை. உண்மையாக இருந்தால் கட்டாயம் ஜெயிப்பாய் என்று பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நாளைக்கு ஜெயிக்காவிட்டால் உண்மையையே விட்டுவிடுவார்கள்.

டன்ஃபீக்குப் பின்னால் வெற்றி வந்தது என்பது உண்மைதான். 2021 ஆகஸ்டில், தோக்கியோ ஒலிம்பிக்கின் 50 கிலோமீட்டர் நடை சப்போரோவில் நடந்தபோது, கடைசி நேரத்தில் ஸ்பெயின் வீரரைத் தாண்டி வெண்கலம் வென்றார். 2025 செப்டம்பரில் தோக்கியோவில் நடந்த உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டியில் 35 கிலோமீட்டர் நடையில் 2:28:22 நேரத்தில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 34. ஆனால் ரியோவில் வேண்டாம் என்று சொன்ன அன்று இதெல்லாம் வரும் என்று அவருக்குத் தெரியாது. அன்று அவர் கையில் இருந்தது நான்காவது இடமும் ஒரு கனடிய தேசியச் சாதனையும் மட்டுமே. மறுநாள் எழுந்து பயிற்சிக்குப் போக அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பையனுக்கு அப்புறம் ஒரு பெயரைச் சொன்னேன். அவன் கேள்விப்பட்டதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப்பாருங்கள். ஜி. சரவணன். 1998 செப்டம்பரில் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஆடவர் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர். 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியருக்கும் அவருக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. நம் ஊர் வெயில், நம் ஊர்ச் சாலை, நம் பிள்ளை.

காமன்வெல்த்தில் அந்த 50 கிலோமீட்டர் நடை 1998, 2002, 2006 என மூன்று முறைதான் நடந்தது. பின்னிரண்டு தங்கங்களையும் ஆஸ்திரேலியாவின் நேதன் டீக்ஸ் வென்றார். ஆகவே அந்தப் போட்டியின் வெற்றியாளர் பட்டியலில் இரண்டே பெயர்கள். முதல் பெயர் சரவணன். 1932இல் தொடங்கி, 1976 நீங்கலாக எல்லா ஒலிம்பிக்கிலும் நடந்த அந்தத் தூரம், தோக்கியோவோடு ஒலிம்பிக்கிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. இனி எவரும் அதில் சரவணனைப்போல் ஜெயிக்க முடியாது. நாம் நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு.

"சிவப்பு அட்டை வாங்காம நாலு மணி நேரமா?" என்று பையன் கேட்டான். மூன்று வாங்காமல் என்று திருத்தினேன். நான்கு மணி நேரமும் ஓடலாம் என்று கால் கெஞ்சியிருக்கும். ஓட அவருக்குத் தெரியாதா என்ன? நடைப்போட்டியில் வெல்கிற ஒவ்வொருவரும் ஓடத் தெரிந்தவர்தான். ஓடாமல் இருப்பதுதான் அந்தப் போட்டி.

அந்த வளைவில் ஓடியவனைப் பற்றிப் பையன் அப்புறம் பேசவில்லை. மறந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, புலனத்தில் ஒரே வரி அனுப்பினான்: "மாமா, திடலுக்கு வர்றீங்களா?" போனேன். முட்டி மடங்குகிறதா என்று சொல்லும்படி கேட்டான். சரி என்று கைப்பேசியை எடுத்தேன், படம் பிடிக்கலாமென்று.

"போன் வேண்டாம் மாமா. நடுவருக்கு என்ன தெரியுமோ அதுதான் கணக்கு. கண்ணால பார்த்துச் சொல்லுங்க."

கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, திடலின் அந்தப் பக்க வளைவில் போய் நின்றேன்.