தூசி போனால்தான் கோணம் நிற்கும்

தஞ்சாவூர் ஓவியங்களுக்குத் தேக்குச் சட்டம் செய்வதுதான் எங்கள் பட்டறையில் பெரும்பாலான நாள் வேலை. சட்டத்தின் தரம் மூலையில் தெரியும். 45 டிகிரியில் அறுத்த முனையை டிஸ்க் சாண்டரில் லேசாகத் தொட்டு எடுத்தால்தான் மூலை சரியாகக் கூடும். ஒரு முனையில் கால் டிகிரி பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சட்டத்துக்கு எட்டு முனைகள். எல்லாம் ஒரே பக்கமாகப் பிசகினால் மொத்தம் 2 டிகிரி. மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிவிட்டு நான்காவதைப் பார்த்தால், இரண்டு அங்குல அகலச் சட்டத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். தூளும் பசையும் குழைத்து அடைத்தாலும் பாலிஷ் போட்டதும் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

சாண்டரை மேம்படுத்துவது என்றதும் பலருக்கும் பெரிய மோட்டார்தான் நினைவுக்கு வரும். 12 அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மரம் தேய்க்க அதுவே தாராளம். கவனிக்க வேண்டியவை வேறு மூன்று: மேஜை, மரத்தைக் கோணத்தில் தாங்கும் ஜிக், தூசி போகும் வழி. இவற்றைத் தனித்தனியாகச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றும் ஒரே வேலைதான்.

முதலில் மேஜை. 18 மி.மீ. ப்ளைவுட், மேலே மைக்கா, குறுக்கே ஜிக் ஓடுவதற்கு ஓர் அலுமினியச் சேனல். மேஜைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் மெல்லிய ரீப்பரை உள்ளே இழுத்துவிடும். சேனல் டிஸ்க்குக்கு இணையாக இருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்க்கில் ஒரு புள்ளியைப் பென்சிலால் குறித்து, இடது கோடியில் அளந்துவிட்டு, அதே புள்ளியைக் கையால் சுற்றி வலது கோடிக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். வெவ்வேறு புள்ளிகளில் அளந்தால் டிஸ்க்கின் கோணலும் கணக்கில் கலந்துவிடும். எங்கள் டிஸ்க் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. இடது பாதி கீழ்நோக்கி ஓடி மரத்தை மேஜையோடு அழுத்துகிறது. வலது பாதி மரத்தைத் தூக்கிவிடப் பார்க்கும். அதனால் இடப்பக்கம் 0.1 மி.மீ. அளவு நெருங்கும்படி மேஜையைப் பூட்டியிருக்கிறேன். மரம் இடது பாதியில் மட்டுமே படும்.

அடுத்தது ஜிக். கோணம் மாற்றும் அளவுகோலை நம்பிச் சட்டம் செய்ய முடியாது. சேனலில் ஓடும் ஒரு பலகையில் இரண்டு தடுப்புக் கட்டைகளை, ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் திருகினேன். மூலையில் சேரும் இரண்டு துண்டுகளில் ஒன்றை இடது கட்டையிலும் மற்றதை வலது கட்டையிலும் வைத்துத் தேய்க்க வேண்டும். ஒன்று 44.8 ஆனால் மற்றது 45.2 ஆகும்; கூட்டினால் 90. ஆக, 45-ஐத் தேடி அலைய வேண்டாம். நல்ல மூலைமட்டம் ஒன்று இருந்தால் போதும்.

இவ்வளவு கவனமாகச் செய்த ஜிக்கையும் தூசி தோற்கடிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதன் தூள் தடுப்புக் கட்டையின் அடியில் அப்பிக்கொள்ளும். 50 மி.மீ. நீளத்தில் ஒரு முனையில் மட்டும் 0.2 மி.மீ. படிந்தால் ஏறத்தாழக் கால் டிகிரி போய்விட்டது. நாம் பயந்த அதே கால் டிகிரி! கட்டையின் அடி விளிம்பைச் சீவி, தூள் ஒதுங்க ஒரு சிறு பள்ளம் விட வேண்டும். டிஸ்க்கில் ஒட்டிய உப்புத்தாளில் தூள் அடைந்தாலும் மரம் கருகும். கருகிய முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது. தூசியை உறிஞ்சுவது சுத்தத்துக்காக மட்டுமல்ல, கோணத்துக்காகவும்தான் என்று சொல்வது இதனால்தான்.

சுற்றும் டிஸ்க் தானே ஒரு விசிறி. தூளை இடப்பக்கம் கீழ்நோக்கி வீசுகிறது. எனவே மேஜைக்குக் கீழே டிஸ்க்கின் கீழ்ப்பாதியைப் பெட்டிபோல் மூடி, தூள் விழும் திசையிலேயே குழாய் வாயை வைத்தேன். பெட்டியை முழுக்க அடைக்கக் கூடாது. காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் வெளியே இழுக்கவும் எதுவும் இராது. நான்கு அங்குலக் குழாயில் காற்று நொடிக்கு 20 மீட்டர் ஓடினால் தூள் வழியில் படியாது. அதற்கு மணிக்குச் சுமார் 565 கன மீட்டர் காற்று வேண்டும். வீட்டு வாக்குவம் கிளீனரால் இது முடியாது, பிளோயர்தான் தேவை. வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் பிவிசி குழாயே போதும். திருப்பத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டால் காற்று தடைபடாது. மேஜை இடுக்கில் ஒரு பஞ்சு நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் உள்ளே இழுபட்டால் வேலை சரி.

ஓர் எச்சரிக்கை: தூள் உறிஞ்சும் சாண்டரில் இரும்பைத் தேய்க்கவே கூடாது. ஒரு பொறி தூள் சேரும் பைக்குள் போனால் மணிக்கணக்கில் கனன்று, பட்டறை பூட்டிய பிறகு தீப்பிடிக்கும்.

சாதாரணத் துணிப்பை பெரிய தூளை மட்டுமே நிறுத்தும். நுண்தூள் வெளியேறி அறையில் மிதக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தெரியும், நாம் எதைச் சுவாசிக்கிறோம் என்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியும் சைனஸும் பாதிக்கப்படும் இடங்கள். தூசியை அது கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே இழுக்க வேண்டும் என்று சொன்னது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. மின்சாரத்தில் இயங்கினாலும் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. நம் தச்சுப் பட்டறைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். சட்டம் கேட்காததை நாமாகச் செய்தாக வேண்டும்.

பட்டறை நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த மெஷினுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு பிளோயரும் நல்ல ஃபில்டரும் வாங்குங்கள். வேலையின் தரம் உடனே கூடும். சாண்டர் முன்னால் நாள் முழுக்க நிற்பவர் பெரும்பாலும் நாமல்ல, வேலை கற்க வந்த பையன். அவனுடைய மூச்சுக்கு நாம்தான் பொறுப்பு.