கிலோ கணக்கில் போக இருந்த ஜீப்பு

எங்க வீட்டு ஜீப்புக்குக் கடைசியா வந்த விலை கிலோ கணக்குல வந்துச்சு. பழைய இரும்பு வாங்குறவர் வந்து ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தார். டயரை ஒரு உதை விட்டார். "டன்னுக்குக் கொஞ்சம் கொறையும் சார், எடை போட்டு எடுத்துக்கறேன்"னார். மனுஷன் கணக்குல புலி. மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்போட எடை ஆயிரம் கிலோவ ஒட்டித்தான் இருக்கும்.

கடலூர் முதுநகர்ல வீடு. ஊர்ல யாரும் முழுசா முதுநகர்னு சொல்ல மாட்டோம், ஓ.டி.தான். உப்பனாறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். இங்க இரும்புச் சாமான் வச்சிருக்கிறது, பூனை மடியில மீன் வச்சிருக்கிற மாதிரி. ஜன்னல் கம்பியே அஞ்சு வருஷத்துல பொரிஞ்சு போயிரும். அந்தக் காத்துல கொல்லைக் கொட்டாய்ல பதினாலு வருஷம் நின்ன வண்டி இது. அப்பா 2010ல காலமானார், அப்ப நின்னது. அடுத்த வருஷமே தானே புயல். 2011 டிசம்பர் 30 காலைல அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்போ, கொட்டாயும் வேப்பமரமும் சேர்ந்து ஜீப்பு மேலயே விழுந்துச்சு. கண்ணாடி ஃப்ரேம் வில்லா வளைஞ்சுது. அப்புறம் 2015 மழை வெள்ளம். சொல்லிக்கிட்டே போகலாம்.

வண்டி 1971 மாடல். அரசாங்க ஆபீஸ் ஒண்ணு கண்டம் பண்ணி ஏலம் விட்டப்ப, 1986ல அப்பா எடுத்தார். முந்திரி வியாபாரம் அவருக்கு. பண்ருட்டி பக்கம் செம்மண் தோப்புக்குள்ள மழை பேஞ்சா லாரி இறங்காது, மாட்டு வண்டி நகராது, இது போகும். (இப்ப அந்த மாதிரி ஏலத்துல ஜீப்பு எடுக்கறதெல்லாம் கனவு. பதினஞ்சு வருஷம் தாண்டின அரசு வாகனத்தைப் பதிவு ரத்து பண்ணி உடைச்சே ஆகணும்னு 2023 ஏப்ரல் 1லேர்ந்து விதி வந்துருச்சு.)

வண்டியோட பூர்வீகம் கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. ரெண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவுல வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல ஜீப்பு அடிச்சுத் தள்ளினாங்க. இந்தியாவுல 1945ல 'மஹிந்திரா அண்ட் முகமது'ன்னு ஒரு கம்பெனி. பங்காளி குலாம் முகமது பிரிவினைக்கு அப்புறம் பாகிஸ்தான் போயி, அந்த நாட்டோட முதல் நிதி அமைச்சர் ஆகி, பின்னாடி கவர்னர் ஜெனரலாவும் ஆனார். இங்க கம்பெனி 1948ல 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆச்சு. அவங்கதான் வில்லிஸ் ஜீப்பை இங்க கோத்து வித்தவங்க. எங்களது அந்த வம்சம். பானட் மட்டும் தூக்கலா, நெத்தி பெருசா இருக்கும். காரணம் இன்ஜின். இன்டேக் வால்வு மேல ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குல. இதனால இன்ஜின் உசரம் கூடிப் போச்சு, பானட்டைத் தூக்கிட்டாங்க. அவ்ளோதான் ரகசியம். அமெரிக்காவுல 1968லயே இந்த மாடலை நிறுத்திட்டாங்க, இங்க அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன்.

இரும்புக்காரர் வந்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி சிதம்பரத்துலேர்ந்து அக்கா போன். "வித்துட்டியா?"

"இல்லக்கா."

"விக்கிறதா இருந்தா என் பங்கைக் குடுத்துரு. விக்கலேன்னா ஓட்டற நெலமைக்குக் கொண்டா. நடுவுல தொங்க விடாதே."

இதுல அக்கா சொன்னது வெறும் கோவம் இல்லீங்க. ஆர்.சி. இன்னும் அப்பா பேர்ல இருக்கு. வாரிசு அம்மா, அக்கா, நான், மூணு பேர். வாரிசு சான்றிதழ் வாங்கி, ஃபார்ம் 31 எழுதி, மத்த ரெண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டாத்தான் ஒருத்தர் பேருக்கு மாறும். அதுக்கும் மேல பதிவுக் காலமே முடிஞ்சு போச்சு. தனியார் வண்டிக்கு முதல்ல 15 வருஷம், பெறகு அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். புதுப்பிக்க வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டணும். காட்டினா அவங்க மொதல்ல பார்க்கறது இன்ஜினையோ பெயின்ட்டையோ இல்ல. சேஸிஸ் நம்பர். அதைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்டணும். எங்க வண்டியில அந்த நம்பர் இருக்க வேண்டிய எடத்துல துரு அடை அடையா பொரிஞ்சு நிக்குது.

டிங்கரிங், பெயின்ட், சீட்டு எல்லாம் காசு இருந்தா பண்ணிடலாம். கதவு இல்லாத வண்டி, தகரம் தட்டத் தெரிஞ்சவன் கெடைச்சாப் போதும். அந்த நம்பர் அரிச்சுப் போயிருந்தா மட்டும் கதை முடிஞ்சுது. இன்னொரு சேஸிஸ்ல இதே நம்பரைக் குத்தினா கிரிமினல் கேஸ். ஆக இந்த ஆயிரம் கிலோவுல உள்ளங்கை அகலம் எடம்தான் ஜீப்பு. மிச்சமெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ்!

கிரைண்டர் வேணாம்னு மொதல்லயே முடிவு. கிரைண்டர் வச்சா துருவோட நம்பரும் போயிரும். பெயின்ட் ரிமூவர் தடவி ஊற வச்சேன், பித்தளைப் பிரஷ், அப்புறம் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி துணியில நனைச்சுப் போட்டேன். நாலு நாள் இதே வேலை. அம்மா டார்ச் அடிச்சாங்க. மொதல்ல ஒரு 4 தெரிஞ்சுது. அப்புறம் பாதி 7, இல்லேன்னா 1. ஆர்.சி. புக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, சாய்ச்சு வெளிச்சம் அடிச்சு, வெள்ளைப் பேப்பர் வச்சுப் பென்சில் தேய்ச்சப்போ முழு நம்பரும் வந்துருச்சு. கடைசி எழுத்து மட்டும் மங்கல், ஆனா படிக்கலாம். அம்மா அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போயி சாமி படத்துக்குப் பின்னாடி செருகி வச்சுட்டாங்க. கிரீஸ் பூசி, மேல பாலிதீன் கட்டினப்புறம்தான் மத்த வேலையில கை வச்சேன்.

இனி வண்டியப் பிரிக்கற கதை. பாடியைச் சேஸிஸ்லேர்ந்து தூக்க ஆறு பேர் போதும். தெருப் பசங்களுக்கு பரோட்டா செலவு. தரையைத் திருப்பிப் பார்த்தா பகீர்னுச்சு. அடியில தொப்பி மாதிரி மடிச்ச இரும்புச் சட்டம் குறுக்க போகும், அதுக்குள்ள தண்ணி தேங்கித் தேங்கி உள்ளேர்ந்தே தின்னுருக்கு. மேலேர்ந்து பார்த்தா தகரம் கெட்டியா தெரியும், ஸ்குரூ டிரைவர் வச்சுக் குத்தினா முறுக்கு மாதிரி ஒடையுது.

இங்க எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு படகுக்காரர். துறைமுகத்துப் பக்கம் விசைப்படகுக்கு வெல்டிங் வேலை பார்க்கறவர். நான் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கப் போறேன்னதும் சிரிச்சார். "தம்பி, மொதல்ல நல்ல தண்ணியில கழுவு. மூணு தடவ கழுவு. துருவு எடுத்தா மட்டும் ஆச்சா? உப்பு உள்ள ஒக்காந்துருக்கும், ஆறு மாசத்துல பெயின்ட்டு கொப்புளிக்கும்." சத்தியமான வார்த்தை. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானாவே ஈரத்தை இழுத்துக் கரைஞ்சுரும். நம்ம ஊர்ல ராத்திரியில அந்த அளவெல்லாம் சர்வ சாதாரணம். மழையே வேணாம், இரும்பு தினம் ராத்திரி உப்புத் தண்ணியில குளிச்ச மாதிரிதான். கிணத்துத் தண்ணியும் கரிப்பு. அதனால கேன் தண்ணி வாங்கி ஜீப்பைக் கழுவினேன். எதிர் வீட்டு மாமி பார்த்துட்டு, "மனுஷாளுக்கே கேன் தண்ணி கட்டுப்படியாகல"ன்னாங்க.

சின்னச் சின்ன பாகத்துக்கு எலக்ட்ராலிசிஸ். பெரிய பிளாஸ்டிக் டிரம்முல தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கணக்குல சலவை சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடிச்ச சாமான் நெகட்டிவ்ல, ஒண்ணுத்துக்கும் ஆகாத இரும்புத் தகடு பாசிட்டிவ்ல. மறுநாள் துரு கறுப்புச் சேறா வழிஞ்சுரும். ரெண்டு எச்சரிக்கை. பாசிட்டிவ்ல எவர்சில்வர் போடாதீங்க, அதுலேர்ந்து கெட்ட விஷமான குரோமியம் உப்பு வரும். குமிழ் குமிழா வர்றது ஹைட்ரஜன், அதனால வெட்ட வெளியில வச்சுப் பண்ணுங்க, பக்கத்துல பீடி கூடாது.

பாதி வேலையில 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. கொல்லையில கணுக்கால் தண்ணி. அதுக்கு முந்தின நாளே செங்கல் அடுக்கி, சேஸிஸைக் கட்டில் உசரத்துக்குத் தூக்கி வச்சுட்டோம். கொட்டாய் ஓலை பறந்துச்சு, சேஸிஸ் நனையல.

இன்ஜின்ல ஆளாளுக்கு ஒரு கருத்து. இறுகிப் போன இன்ஜின். பிளக் ஓட்டை வழியா மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊத்தி ரெண்டு வாரம் விட்டு, டாப் கியர்ல போட்டு முன்னப் பின்ன ஆட்டினா லேசா அசைஞ்சுது. மெக்கானிக் அண்ணன் அப்பவும் தலைய ஆட்டினார். "பெட்ரோலை விடு. டீசல் இன்ஜின் ஒண்ணு எறக்கிரலாம். பெட்ரோல்ல லிட்டருக்கு ஏழு எட்டுதான் குடுக்கும்." அவர் சொல்றதும் நியாயம்தான். 1973க்குப் பெறகு எண்ணெய் விலை ஏறினதுல நாடு பூரா பெட்ரோல் ஜீப்புக்கு இதே ஆபரேஷன் நடந்துருக்கு. கம்பெனியே 1979ல பியூஷோவோட ஒப்பந்தம் போட்டு டீசலுக்குப் போச்சு. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கே. ஆர்.சி.யில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்த முடியாது, இன்ஜின் மாத்தணும்னா முன் அனுமதி வேணும். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிருச்சு. ஏற்கெனவே செத்தவர் பேர்ல, காலாவதியான பதிவுல, மங்கின நம்பரோட நிக்கற வண்டி. அதுல இன்னொரு குழப்பமா? பழைய இன்ஜினையே லேத்துக்கு அனுப்பினேன். படகு இன்ஜினுக்கு போர் பண்ற அதே லேத். ஓவர்சைஸ் பிஸ்டன் சென்னை புதுப்பேட்டையில அலைஞ்சு வாங்கினது. வால்வு கிளியரன்ஸ் இன்டேக் 18 தௌ, எக்ஸாஸ்ட் 16 தௌ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பெட்ரோல் பம்பு டயாஃப்ரமும் ஹோஸும் மட்டும் புது ரகம் போட்டேன். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பரை அது ஊற வச்சுக் கெடுத்துரும்.

நண்பர்கள் சில பேர் வின்டேஜ் பதிவு பண்ணிடுன்னாங்க. 2021ல வந்த விதி அது. அம்பது வருஷம் தாண்டின, மாத்தாத வண்டிக்கு தனி நம்பர், 20,000 ரூபா கட்டணம், பத்து வருஷம் செல்லும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தினப்படி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி சமாச்சாரத்துக்குத்தான். அக்காகிட்ட சொன்னேன். "அப்ப அது வண்டியா, கொலு பொம்மையா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டா.

சாதாரணப் புதுப்பிப்புதான்னு ஆச்சு. யார் பேர்லங்கறது இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்னிக்கு முடிவாச்சு.

இந்த ஜீப்புல மூணு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கெடையாது. ஓடிட்டிருக்கறப்ப முதல் கியர் போடணும்னா கிளட்ச் அமுக்கி நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்சிலேட்டர் ஒரு மிதி மிதிச்சு, மறுபடி கிளட்ச் அமுக்கித் தள்ளணும். நான் தள்ளினா கல்லு மெஷின்ல கரண்டி விழுந்த சத்தம் வரும். மெக்கானிக் அண்ணனுக்கே பத்துக்கு ஆறுதான். அக்கா அன்னிக்கு சிதம்பரத்துலேர்ந்து பஸ்ல வந்திருந்தா. வங்கியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, முழங்கால் வலி வேற. புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஏறி ஒக்காந்தா. கொல்லை முப்பதடி நீளம் இருக்கும். ரெண்டாவதுல கெளப்பி, கிணத்தடி திருப்பத்துக்கிட்ட முதல் கியருக்கு எறக்கினா. சத்தமே வரல. 1988ல முந்திரித் தோப்புல அப்பா சொல்லிக் குடுத்ததாம். எனக்கு அப்ப வயசு ஒம்போது, பின்னாடி மூட்டை மேல ஒக்காந்திருந்திருக்கேன். எதுவும் ஞாபகம் இல்ல.

ஃபார்ம் 31ல அக்கா பேர் எழுதியாச்சு. அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டாச்சு. சாமி படத்துக்குப் பின்னாடி இருந்த பென்சில் பேப்பரை அம்மா தர மாட்டேன்னு சொல்லி, புதுசா ஒண்ணு எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. எடுத்தேன், இந்தத் தடவ கடைசி எழுத்தும் சுத்தமா விழுந்துருக்கு.

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தேதி. பிரேக், லைட், ஹார்ன் எல்லாம் ஓகே. வைப்பர் மோட்டார் ஒண்ணுதான் பாக்கி. 12 வோல்ட், கண்ணாடி ஃப்ரேம் மேலயே மாட்டற பழைய ரகம். புதுப்பேட்டை பக்கம் யாராச்சும் பார்த்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்.