ஏழாம் நம்பர் மலை

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். ஹட்டனில் சைக்கிள் உள்ள வீட்டைத் தேட வேண்டும். சமதரையில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் உறைக்காது. பெப்ரவரி மாதக் காலையொன்றில், இரவல் வாங்கிய கியர் சைக்கிளோடு ஹட்டன் புகையிரத நிலைய வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. முச்சக்கரவண்டிக்காரர்கள் மூன்று பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். "நுவரெலியாவுக்கா? இதுலயா? பஸ் இருக்கே சார்" என்றார் ஒருவர், மெய்யான அக்கறையோடு.

இந்த விபரீத யோசனைக்குக் காரணம் பாரிஸில் இருக்கும் பள்ளிக்கூட நண்பன். ஒவ்வொரு வருடமும் திராட்சை முற்றும் காலத்தில் அவன் பர்கண்டிக்குப் போய், போன் நகரிலிருந்து சாந்தனே ஊர் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போட்டிருக்கும் சைக்கிள் பாதையில் உழக்குவான். இடையிடையே இறங்கி நிலவறைகளில் வைன் சுவைப்பான். பகலில் ஏதாவதொரு கிராமத்தில் இரண்டு மணித்தியாலம் சாப்பாடு. படங்கள் வந்துகொண்டே இருக்கும். போன வருடம் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தான்: "உங்கட மலையிலயும் உது எல்லாம் இருக்குத்தானே, ஒருக்கா ஓடிப் பாரன்."

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். வித்தியாசம் அறுநூறு மீற்றர்தானே என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். தலவாக்கலைக்கு ஒரு இறக்கம் இருக்கிறது. ஏறிச் சேர்த்த உயரத்தை அங்கே தொலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் ரயில் போட்டவர்கள், தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதை மனதில் வைத்தே பாதை வகுத்தார்கள். அந்த ரயிலின் யன்னலில் தொங்கியபடி படம் எடுத்துக்கொள்வதற்கு இன்று உலகமே வருகிறது.

சைக்கிளில் போகிறவருக்கு யன்னல் இல்லை, மணம் உண்டு. தேயிலைத் தொழிற்சாலை கண்ணில் படுவதற்கு அரைக் கிலோமீற்றர் முன்பே, வாடிய இலையின் வாசம் மூக்கில் ஏறும். புல்லும் பழமும் கலந்தது போன்ற ஒரு நெடி அது. பஸ்ஸில் போனால் டீசல் மணம்தான்.

டெவன் நீர்வீழ்ச்சியையும் சென்ட் கிளயர் நீர்வீழ்ச்சியையும் பார்த்தபடி இறங்கினால் தலவாக்கலை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு சென்ட் கிளயரில் பழைய தண்ணீர் இல்லை. ஊரின் சிறிய சாப்பாட்டுக் கடையொன்றில் ரொட்டியும் கட்டசம்பலும் கிடைத்தன. தேங்காய்ப்பூ பிசைந்த கோதுமை மாவைத் தடிப்பாகத் தட்டிச் சுட்ட ரொட்டி. வெங்காயம், செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு, உப்பு, தேசிக்காய்ப்புளி சேர்த்து இடித்த சம்பல். மூன்றாவது ரொட்டியோடு கால் வலி மறந்தது. பர்கண்டியில் வைனில் வெந்த மாட்டிறைச்சி பேர்போனது என்பான் நண்பன். இந்தச் சம்பலுக்கு இன்னும் யாரும் சைக்கிள் பாதை போடவில்லை.

1947 தேர்தலில் இந்தத் தலவாக்கலைதான் சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர். மலையகத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஊருக்கு வெளியே சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடிக்கு என்ன நோய், மண்ணுக்கு என்ன குறை என்பதெல்லாம் அங்கே துல்லியமாகத் தெரியும்.

நானுஓயாவை நோக்கி ஏறும் வழியில், கிரேட் வெஸ்டர்ன் மலை முகில் விலக்கிக் காட்டிய ஓரிடத்தில், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தேன். தெரிந்த ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பேசியவர்கள் அங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

"ஏழாம் நம்பர் மலையில நிக்கிறாங்க" என்றார் வழிகாட்ட வந்த பையன். தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் ஒரு துண்டு நிலம். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு அறிவு இருப்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நம்பர் பள்ளம். ஈரம் அதிகம், அட்டை அதிகம், இலை பெரிசு. பத்தாம் நம்பரில் போன வருடம்தான் கவ்வாத்து வெட்டினார்கள், இப்போதுதான் தளிர்க்கிறது. ஏழாம் நம்பர் காற்று அடிக்கும் முகடு. "இது மெதுவாத்தான் துளிர்க்கும் தம்பி. ஆனா இந்த மாசத்துல இதுக்கு ஒரு வாசம் இருக்கு பாருங்க" என்று ஒரு கொழுந்தைக் கசக்கி நீட்டினார் முப்பது வருடம் இந்த மலையேறிய ஓர் அக்கா.

அவர் சொன்னதைத் தேயிலை விஞ்ஞானம் வேறு சொற்களில் சொல்கிறது. சனவரி முதல் மார்ச் வரை வடகீழ்ப் பருவக் காற்று கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, திம்புள்ளை எனப்படும் இந்த மேற்குச் சரிவுக்கு உலர்ந்து வருகிறது. பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்ள, சிறிய இலைக்குள் மணச்சத்துச் செறிகிறது. ஊவாவில் இதே கதை யூலை முதல் செப்டெம்பர் வரை, எதிர்த் திசைக் காற்றோடு நடக்கும். மலையகத் தேயிலை விலையேறும் மாதங்கள் இவை.

முதுகில் நைலோன் பை, அதன் பட்டி தலையில். இடுப்பில் படங்கு, ஈரச் செடி உரசி உடம்பு நனையாமலிருக்க. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இரண்டிலையும் ஒரு மொட்டும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அகப்பட்டு ஒடிகின்றன. கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பைக்குள் விழுகின்றன. முற்றிய கரட்டு இலை வந்தால் கங்காணி பேசுவார். செடியின் மேல்மட்டம் ஏறி இறங்காமலிருக்க அவ்வப்போது மட்டக்கம்பை வைத்துப் பார்ப்பதும் உண்டு. நானும் பதினைந்து நிமிடம் பறித்துப் பார்த்தேன். என் பைக்குள் விழுந்ததைப் பார்த்து நாலைந்து பேர் சிரித்த சிரிப்பு அடுத்த மலைவரை கேட்டிருக்கும். "இதுக்கு அரைப்பேரும் கிடைக்காது" என்றார் ஒருவர்.

பேர் என்பது ஒரு நாள் கூலி. தோட்டம் நிர்ணயித்த கிலோ கணக்கு நிறைந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் என்று வெட்டு விழும். 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி நாட்கூலியை 1,350 ரூபாயாக்கியது. அதற்கு முன் ஆயிரம் ரூபாய்க்காக எத்தனையோ வருடப் போராட்டம். காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பகலிலும் மாலையிலும் மடுவம் என்ற கொட்டகையில் நிறுவை. தராசு இப்போது எண்காட்டும் தராசு. ஆனாலும் ஈரத்துக்கும் பைக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்ற வாக்குவாதத்துக்கு வயது நூறைத் தாண்டியிருக்கும். அன்று பேசிய எல்லாருக்கும் கூலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: குளவி. மரக்கிளையிலோ செடிக்குள்ளோ கூடு கலைந்தால் பையைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓட வேண்டும். ஓட முடியாத வயதானவர்கள் செத்துப்போயிருக்கிறார்கள்.

பகல் நிறுவையில் ஏழாம் நம்பர் கொழுந்து லொறியில் ஏறியது. மூன்றாம் நம்பர் கொழுந்தும் அதே லொறியில்தான் ஏறியது.

தொழிற்சாலையில் டீமேக்கர் நிதானமாகச் சுற்றிக் காட்டினார். மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி, இரவு முழுக்க வாட்டுகிறார்கள். விடியற்காலையில் வாடிய இலை உருட்டும் இயந்திரத்துக்குள் இறங்குகிறது. இலையின் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும்வரை விட்டுவைப்பதைப் 'புளிக்க வைக்கிறது' என்கிறார்கள். வைன் போல ஈஸ்ட் வேலை செய்யும் நொதிப்பு இது அல்ல. இலையின் சொந்த நொதியங்கள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்; "இன்னும் பத்து நிமிஷம்" என்றார். சுவரில் மணிக்கூடும் வெப்பமானியும் இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. பிறகு சூட்டடுப்பு, சலிப்பு, தரம் பிரிப்பு: ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது.

சுவைப்பு மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. பாலும் சீனியும் கிடையாது. கரண்டியில் அள்ளி, ஊர் கேட்க ஒரே இழுப்பாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்புகிறார். வைன் சுவைப்பவரும் இதையேதான் செய்கிறார். நாலாவது கோப்பையில் நின்று, "இது முகட்டுக் கொழுந்து கூட வந்த நாள்" என்றார். முந்தின நாள் பதிவைப் புரட்டினோம். சரியாகவே இருந்தது.

ஆக, மலையின் எண் கோப்பைக்குள் இருக்கிறது. பெட்டியில்தான் இல்லை. பர்கண்டியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தத் துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. சுவரின் இந்தப் பக்கத்துத் திராட்சைக்கும் அந்தப் பக்கத்துத் திராட்சைக்கும் போத்தலில் வேறு பெயர், வேறு விலை. இங்கே 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்துக்குத் தோட்டத்தின் முத்திரைப் பெயரும் தரமும் மட்டும் போகின்றன. வாங்குகிறவர் இருபது தோட்டத் தூளைக் கலந்து பொதி செய்த பிறகு அதுவும் இல்லை. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே விலை என்றால், முகட்டின் வாசத்தை அறிந்த விரலுக்குத் தனி மதிப்பு எங்கிருந்து வரும்? தரகர்கள் இதற்கு ஆயிரம் நியாயம் சொல்வார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது. பிரெஞ்சுக்காரரை உச்சியில் தூக்கி வைக்கவும் தேவையில்லை. நிலத்தின் பெயர் இருக்கும் போத்தலில் பறித்தவரின் பெயர் இல்லை. 2023 அறுவடையில் ஷாம்பெயின் தோட்டங்களில், கடும் வெயில் நாட்களில், பறிக்க வந்தவர்கள் சிலர் இறந்தே போனார்கள்.

நானுஓயாவுக்கு மேல் நான் சைக்கிள் ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். இடையில் சங்கிலி இரண்டு முறை கழன்றது. நுவரெலியாவில் லீக்ஸ், கரட், கோவா என்று மரக்கறிப் பாத்திகள் தேயிலைக்கு நடுவே படிப்படியாக இறங்குகின்றன; 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் இங்கே பண்ணை போட்டதிலிருந்து தொடரும் ஐரோப்பிய மரக்கறிப் பயிர்ச்செய்கை. குளிரில் பல் கிட்ட, விற்பனைக்கூடம் ஒன்றில் நுவரெலியாத் தேயிலை குடித்தேன். பொன் நிறம், பூ வாசம், தொண்டையில் ஒரு சின்னக் கூர்மை. இலங்கையின் மிக மென்மையான தேநீர் என்று விற்பனைப் பெண் சொன்னதை மறுக்க மாட்டேன். விலையுயர்ந்த பொதியொன்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்து, ஏழாம் நம்பர் மலை அக்காவின் லயத்து இஸ்தோப்பில் சைக்கிளைச் சாய்த்தேன். பொதியைக் கொடுத்ததும் புரட்டிப் பார்த்தார். "இம்புட்டு விலையா" என்றுவிட்டு, அப்போதே தண்ணீர் கொதிக்க வைத்தார். தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைப்பது டஸ்ட். அந்த அளவிலேயே இதையும் போட்டு, இஞ்சி தட்டி, சீனி அள்ளி, எல்லாருக்கும் ஊற்றினார். குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"மணம் இருக்கு தம்பி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா சாயமே ஏறலையே. இதக் குடிச்சிட்டு மலை ஏற முடியாது."