பல்லில் கம்பி போட்ட பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

வாழையில் இலைப்புள்ளிக்கு என்ன தெளிக்கலாம், திராட்சையில் சாம்பல் நோய்க்கு என்ன செய்யலாம் என்றுதான் எனக்கு வழக்கமாகக் கேள்விகள் வரும். இந்த முறை சின்னமனூர் பக்கத்து விவசாயி ஒருவர், "மகளுக்குப் பல்லில் கம்பி போட்டிருக்கோம் சார். எதைக் கொடுத்தாலும் வேண்டாங்கிறா. ரெண்டு வருஷத்தை எப்படி ஓட்டுறது?" என்று கேட்டார். நான் பல் டாக்டர் இல்லை. ஆனால், என் மகளும் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கம்பியோடுதான் சாப்பிட்டாள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

திராட்சைக் கொடியை ஒரே நாளில் வளைத்துப் பந்தலில் கட்டினால் ஒடிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். பல்லும் அப்படித்தான். கம்பி மெதுவாக இழுக்கும்போது, பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. அதனால்தான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டாக்டர் ஒவ்வொரு முறை இறுக்கிய பிறகும் இரண்டு, மூன்று நாட்கள் பல் வலிக்கும். அந்த நாட்களில் பிள்ளை சாப்பிட மறுப்பது அடம் அல்ல, வலி.

அந்த நாட்களுக்கு நம் வீட்டுக் கேழ்வரகுக் களியைப் போல எதுவும் இல்லை. "களியை மெல்லக் கூடாது, முழுங்கணும்" என்று என் அம்மா சொல்லிச் சொல்லிப் பேத்திக்குக் கொடுத்தார். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, மசித்த அவித்த முட்டை, வாழைப்பழம் எல்லாமே பல்லுக்குச் சிரமம் தராதவை.

கரும்பைக் கடிப்பது, முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய், ஐஸ் கட்டி, ஆட்டு எலும்பு ஆகியவற்றைக் கம்பி கழற்றும்வரை தொடக் கூடாது. கம்பியைப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன கிளிப்புகள் பல்லில் பசை போட்டு ஒட்டியவை. அழுத்திக் கடித்தால் பெயர்ந்துவிடும். திரும்ப ஒட்டும்வரை அந்தப் பல் நகராது. நமக்கோ அது ஒரு நாள் கூலி, பஸ் செலவு, பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. சிகிச்சையும் நீண்டுகொண்டே போகும்.

மற்றவற்றை நிறுத்த வேண்டியதில்லை, கொடுக்கும் விதத்தை மாற்றினால் போதும். மக்காச்சோளத்தைக் கதிரோடு கடிக்காமல் உதிர்த்து வேகவைக்கலாம். கொய்யாப்பழத்தை விதை நீக்கி மெல்லிசாக நறுக்கலாம். நிலக்கடலையை வறுக்காமல் ஊறவைத்துக் குழைய அவிக்கலாம். கீரை நார் கம்பியில் சிக்கும் என்பதால் கடைந்து கொடுக்கலாம். முருங்கைக்காயின் சதையை வழித்துக் கொடுக்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. இரண்டாக வெட்டி விதையை எடுத்துவிட்டால் போதும். சாம்பார் மஞ்சளால் கம்பியிலுள்ள ரப்பர் வளையங்கள் மஞ்சளாகலாம். பயப்பட வேண்டாம், அடுத்த முறை டாக்டர் மாற்றிவிடுவார்.

வீட்டுச் சாப்பாட்டை இப்படிச் சமாளித்துவிட்டோம். பெரிய சிக்கல் பள்ளியில் இருந்தது. டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வந்தது, ஆனால் சோறு தோழிகளுக்குப் போயிருக்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எடை குறைந்த பிறகுதான் மகள் வாய் திறந்தாள்: "கம்பியில கீரை ஒட்டிக்கிட்டா சிரிக்கிறாங்கப்பா." மாதவிலக்கு தொடங்கும் வயதில் பெண் பிள்ளை மதியச் சாப்பாட்டைத் தவிர்த்தால் ரத்தசோகை வர எத்தனை நாளாகும்?

கைக்கண்ணாடி, சின்ன பிரஷ், ஒரு பாட்டில் தண்ணீர் மூன்றையும் அவள் பையில் வைத்தோம். வகுப்பு ஆசிரியையிடம் பேசி, சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினோம். அதன் பிறகு சோறு அவள் வயிற்றுக்குப் போனது. பல்லுக்கும் அது நல்லது. உணவுத் துணுக்கு தங்கினால், கம்பி கழற்றிய பிறகு பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். கன்னத்தில் கம்பி உரசிப் புண்ணானால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். டாக்டர் தரும் மெழுகைக் குத்தும் இடத்தில் ஒட்டலாம். கிளிப் பெயர்ந்தால் அதைப் பத்திரப்படுத்தி டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு வைத்திருக்கும் கட்டிங் பிளையரை எடுத்து நீங்களே கம்பியை வெட்ட வேண்டாம்.

கேள்வி கேட்ட நண்பரே, மாதம் ஒருமுறை மகளின் எடையைப் பாருங்கள். குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதோடு, பள்ளியில் மதியம் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா என்று அவளிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.