ஒரு வெடிக்கு நாலு

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் புறாவைத் திட்டாத கடைக்காரர் கிடையாது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெரிந்து கிடந்த இரும்பு வியாபாரத்தை நகருக்கு வெளியே நகர்த்துவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த சந்தை இது. கிரேன் ஓட வேண்டுமே என்று கொட்டகைகளை உயர்த்திக் கட்டினார்கள். பாறை விளிம்பில் கூடு வைத்துப் பழகிய மாடப்புறாவுக்கு, அந்த உயரத்தில் ஓடும் கர்டர் விளிம்பைவிட வேறென்ன வேண்டும்? எச்சம் விழுந்த ஜி.ஐ. தகடு வெளுத்துப்போகிறது, வாங்க வருகிறவர் விலையைக் குறைக்கச் சொல்கிறார்.

திருவொற்றியூரிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து நான் அங்கே போனது புறா வலை கட்டுகிற ஓர் இளைஞரைப் பார்க்க. நைலான் வலை, கம்பி, கொக்கி, டிரில்லிங் மிஷின் இவைதான் அவருடைய மூலதனம். அவருடைய தாத்தா வெடிக்காரர், அதாவது துப்பாக்கி வேட்டைக்காரர், என்று கேள்விப்பட்டிருந்தேன். தாத்தாவும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒற்றைப் பாசிமணி. நரிக்குறவர் என்றாலே 'சாமியோவ்' என்று கூவ வைப்பது நம் சினிமாவின் பழக்கம். இவர் வாயில் அது ஒருமுறைகூட வரவில்லை. 'சார்'தான். பேரனோடு மட்டும் தங்கள் மொழியான வாக்ரிபோலியில் பேசினார்.

கடை முதலாளிக்கு வலையில் நம்பிக்கை இல்லை. "ஏர்கன் ஒண்ணு வாங்கி நாலைச் சுட்டா மிச்சம் தானா ஓடிடும். அதுக்கு லைசென்ஸே வேணாமாமே?" என்றார். பாதி உண்மை. 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. வாங்கத்தான் தடையில்லை; உயிரைச் சுட்டால் வேறு சட்டங்கள் வரும். பெரியவர் சட்டம் பேசவில்லை. "சுத்தி இரும்பு. குண்டு பட்டுத் திரும்பினா உங்க கண்ணு போவும். மேல போனா ஷீட்டு ஓட்டை, மழை ஒழுகும். வெடி போட எடம் இல்ல சார் இது" என்றார். சுடத் தெரிந்தவர் முதலில் பார்ப்பது குறியை அல்ல, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை.

எங்கேதான் வெடி போட்டீர்கள் என்று கேட்டேன். மேற்கே மணலிப் பக்கம் கையைக் காட்டினார். அவர் சிறுவனாக அப்பாவின் பின்னால் நடந்த காலத்தில் அங்கே நெல் வயலும் ஏரியும் இருந்தனவாம். 1969இல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 1971இல் உர ஆலை உற்பத்தியில் இறங்கியது. வேட்டை வடக்கே மீஞ்சூர், பொன்னேரி என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

அப்பாவிடம் இருந்தது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, வாய்வழி மருந்து கிட்டிக்கிற வகை. மருந்து, மேலே தேங்காய் நார், கோலால் நாலு குத்து, பிறகு ரவை, அது கொட்டாமலிருக்க மறுபடி நார். கடைசியில் கேப்பு. ஒரு வெடி போனால் அடுத்ததற்குத் தயாராவதற்குள் கூட்டம் அடுத்த ஊரில் இருக்கும். மருந்தும் காசு. அதனால் தனியாக நிற்கும் பறவையைச் சுடவே கூடாது என்பது வீட்டில் முதல் பாடம். "ஒரு வெடிக்கு நாலு விழணும். ரெண்டு விழுந்தா அப்பா அன்னைக்குப் பேசமாட்டாரு."

நாலு விழ வைப்பது எப்படி என்பதைத் தரையில் இரும்புத் துண்டால் கோடு போட்டுக் காட்டினார். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பறவைக்கு எதிர்வெயிலில் ஆள் தெரியாது. குனிந்து கொத்தும்போது இரண்டு அடி. தலை நிமிர்ந்தால் மரமாக நிற்க வேண்டும். நேராகப் போகாமல் வேறெங்கோ போகிறவன் மாதிரிச் சாய்வாகப் போக வேண்டும். மேயும் கூட்டம் பரவலாக இருக்கிற வரை குழலைத் தூக்கவே கூடாது. வரப்போரம் ஒதுங்கி ஒன்றின்பின் ஒன்றாக வருகிற நொடி ஒன்று உண்டு, அதற்காகக் காத்திருக்க வேண்டும். முயலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நம் ஊர் முயல் வளை தோண்டாது. புதரடியில் படுத்து, மிதிக்கப் போகும்வரை அசையாது. அதன் உடம்பு தெரியாது, கண்தான் தெரியும் என்றார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மருந்து ஈரமாகிவிடும்; அந்த மாதங்களில் துப்பாக்கி வீட்டில் தூங்க, கண்ணியும் ஊசிமணியும்தான் சோறு.

அப்பாவின் உரிமத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று போட்டிருந்ததாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே தனியாகக் குறிப்பிடுகிறது. எந்தப் பயிரைக் காத்தீர்கள் என்றேன். நன்றாகச் சிரித்தார். "கொக்கு, மடையான், கவுதாரி, காடை, புறா. எது வித்துச்சோ அதைச் சுட்டோம். கொக்கு நெல்லா தின்னுது? பூச்சியும் மீனும் தின்னும். வெவசாயிக்குப் பெரிய எதிரி எலி. எலிய எவன் சார் துப்பாக்கில சுடுவான்?"

இதை இவ்வளவு வெளிப்படையாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. விதைத்த உளுந்தைப் பொறுக்கும் புறாவை விரட்டச் சில விவசாயிகள் கூப்பிட்டதுண்டாம். கூலி கிடையாது, விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம். மற்றபடி பயிர் என்பது காகிதத்தில் இருந்த காரணம், பசி உண்மையான காரணம். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இவர்களுக்குக் 'குருவிக்காரர்' என்ற பெயரில் ஓர் இடம் உண்டு. பறவை பிடிக்கிறவர்கள் என்று அங்கே எழுதியாயிற்று. அந்தப் பிழைப்புக்கு மட்டும் உரிமத்தில் பெயர் இல்லை.

பிறகு வந்தது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். சிறு வேட்டைக்கு உரிமம் வாங்க அதில் வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் அடைத்தது. பழைய நான்காம் அட்டவணையில் முயல் உண்டு, புறாக்கள் உண்டு, மாடப்புறாவுக்கு மட்டும் விலக்கு. எலி, காகம், பழந்தின்னி வௌவால் எல்லாம் ஐந்தாம் அட்டவணையில் 'தீங்குயிர்' என்று இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. இந்தச் சட்டங்கள் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தில் இன்று கூழைக்கடா வந்து இறங்குகிறதென்றால் அதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் தடை போட்டவர்கள் அந்தக் கைகளுக்கு மாற்று வேலை என்னவென்று யோசித்ததாகத் தெரியவில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் பெயர் பழங்குடிப் பட்டியலில் ஏறுவதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான்.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. நிலப்பிரபுவின் முயல் குத்தகைக்காரனின் பயிரைத் தின்றுகொண்டிருக்க, 1880இல் ஒரு சட்டம் வந்து முயலைக் கொல்லும் உரிமையைக் குத்தகைக்காரனுக்கும் கொடுத்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போய் முயலைக் கட்டுப்படுத்துவதை நிலத்தை வைத்திருப்பவரின் கடமையாக்கியது. அங்கே 0.22 ரைஃபிளோடு இரவில் வயலுக்குப் போகிறவர் திருடர் இல்லை. நம் பக்கம் கேரளத்தில், 2022இல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் வந்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அப்போதைய அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பயிற்சி எத்தினி நாளு குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவின் துப்பாக்கி இப்போது இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஒவ்வொரு முறையும் அலைந்து திரும்ப வாங்கி, அப்பா போன பிறகு உரிமத்தை மாற்ற முடியாமல் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டார்களாம். வருத்தமா என்றால் தலையாட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பேரன் அதற்குள் ஏணியில் ஏறி முக்கால்வாசி வலையை இழுத்துக் கட்டியிருந்தார். கீழே பெரியவர் புறாக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கு மூலையில் மழைநீர்த் தகரம் கர்டரைத் தொடும் இடத்தை நோக்கி அவர் கை நீண்டது. இரண்டு புறாக்கள் அதன் வழியாகத்தான் போய்வந்தன. பேரன் முணுமுணுத்துக்கொண்டே ஏணியை நகர்த்தினார். அந்த மூலைக்குத் தனியாகக் காசு உண்டா என்று முதலாளி ஆரம்பித்தார். சதுர அடிக்கணக்கில் சேரும் என்றார் பேரன். இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னார் முதலாளி. ஒரு ரூபாய்க்கு இறங்கினார் பேரன். மீதியை மறுநாள் பக்கத்துக் கொட்டகையோடு சேர்த்து முடிப்பதாகப் பேச்சு.