கோஹா பழகிய ஜூன்

ஜூன் 2, திங்கள்

கல்லூரி திறக்க இன்னும் இரண்டு வாரம். அதுவரை காலை நேரம் முழுவதும் கோஹா பயிற்சிக்கே என்று முதல்வர் ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கள் நூலகத்தில் நான்கு பேர்: நான், கணினிப் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, இரவல் கவுன்டரில் இருக்கும் அக்கா, புத்தகம் அடுக்கும் அண்ணன். நால்வரும் உட்கார வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். “அவருக்கு எதுக்கு மேடம், அடுக்கத்தானே போறார்?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எந்தப் புத்தகத்தை யார் எப்படிக் கேட்பார்கள் என்று எங்களில் அதிகம் தெரிந்தவர் அவர்தான் என்று பதில் சொன்னேன்.

கோஹா எங்களுக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா வட்டார நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நூலக மேலாண்மை மென்பொருள். அங்கே இருந்த பழைய முறை 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற கவலையில் பிறந்தது. திறமூலம் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. எல்லா வேலையும் உலாவியிலேயே நடக்கும். மாணவர் வீட்டிலிருந்து போனிலேயே எங்கள் பட்டியலைத் தேடலாம்.

பழைய மென்பொருளிலிருந்து பட்டியலை எடுத்துத் திரையில் விரித்ததும் அக்கா பதறிவிட்டார். ஒரு தலைப்புகூடத் தமிழில் இல்லை. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அவை தமிழாகத் தெரியும். மற்ற இடங்களில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. “இத்தனை வருஷம் அடிச்சதெல்லாம் போச்சா?” என்றார். போகவில்லை. ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தம்பி ஒட்டினார், அழுத்தினார், தமிழ் வந்து நின்றது. அக்காவின் முகமும் தெளிந்தது. ஆனால் ஒரே கட்டத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்த பதிவுகளில், ஆங்கிலப் பதிப்பகப் பெயர்களையும் கருவி தமிழாக எண்ணி, எந்த மொழியிலும் இல்லாத சொற்களாக மாற்றி வைத்திருந்தது. அவற்றைத் தனியே பிரித்தோம்.

ஜூன் 4, புதன்

இன்று முழுக்க ஓர் எழுத்து.

அக்கா தேடல் பெட்டியில் ‘ஔவையார்’ என்று அடித்தார். அண்மையில் வாங்கி நேரே கோஹாவில் ஏற்றிய நூல்கள் மட்டும் வந்தன. அலமாரியில் அதைவிட எத்தனையோ மடங்கு இருப்பது அண்ணனுக்குத் தெரியும். மாற்றிய பட்டியலைத் திறந்து பார்த்தால் அங்கேயும் ஒளவையார் என்றுதான் இருக்கிறது. கண்ணுக்கு வேறுபாடே இல்லை. தம்பிதான் கர்சரை நகர்த்திக் காட்டினார். ஓரிடத்தில் ஒரே தாவலில் எழுத்தைக் கடக்கிறது. இன்னோரிடத்தில் இரண்டு தாவல் ஆகிறது. ஒருங்குறியில் ஔவுக்கு என்று தனிக் குறியெண் உண்டு. பாமினியிலோ ஒகரத்தை அடித்துப் பக்கத்தில் ளகரத்தை அடிப்பதே வழக்கம். கருவி அதை அப்படியே இரண்டு எழுத்தாக மாற்றிவிட்டது. படிக்கிறவருக்கு ஔவையார், கணினிக்கு ஒ-ள-வையார். ‘கௌதமர்’ கதையும் இதேதான்: ககரத்தின் முன்னே ஒற்றைக் கொம்பு, பின்னே ளகரம்.

“மொத்தமா மாத்திடலாம் மேடம். ‘கெள’ன்னு இருக்கிற இடமெல்லாம் ‘கௌ’ போட்டுடறேன்” என்றார் தம்பி. விரல் விசைமேலேயே இருந்தது. அண்ணன் பின்னாலிருந்து கேட்டார்: “அப்ப கெளுத்தி மீன் என்ன ஆகும் தம்பி?”

விலங்கியல் அலமாரியில் உள்நாட்டு மீன் வளர்ப்பு நூல்கள் இருக்கின்றன. அவர் சொன்னது சரி. அதேபோல ‘ஒள’ என்று இருப்பதையெல்லாம் ‘ஔ’ ஆக்கினால் ‘ஒளி’ கெடும். இயற்பியல் நூல்கள் பாதி காணாமல் போகும். ளகரத்தைத் தொடர்ந்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே, வராவிட்டால் மட்டும் மாற்று என்று விதி எழுதினோம். மாற்றியதை அண்ணனும் அக்காவும் ஒவ்வொரு தலைப்பாகப் படித்துச் சரிபார்த்தார்கள். கணினி தெரிந்தவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களைக் கவுன்டரிலேயே உட்காரவைக்கும் பழக்கம் நம் நூலகங்களில் இருக்கிறது. எவ்வளவு இழக்கிறோம் என்று இன்று கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பெயர்கள். இதில்தான் அதிக நேரம் போகிறது, போகவும் வேண்டும்.

உ.வே.சா. எங்கள் பட்டியலில் ஒருவர் அல்லர். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதய்யர், உ.வே.சா. என்று பிரிந்து கிடக்கிறார். முன்னெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டும் விடாமலும் வேறு. ராமலிங்கம் தனி, இராமலிங்கம் தனி. பாரதிதாசன் ஓரிடம், கனக சுப்புரத்தினம் வேறிடம். ‘கல்கி’ என்றால் ஆளா, பத்திரிகையா என்று பட்டியல் சொல்லவில்லை.

கோஹாவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பெயர்ப்பதிவு. அதில் 100ஆம் புலத்தில் நாம் ஏற்கும் வடிவம், 400ஆம் புலங்களில் மற்ற வடிவங்கள் எல்லாம். நூல்களை அந்தப் பதிவோடு இணைத்துவிட்டால் தொடர்புடைய எல்லாம் ஓரிடத்தில் சேரும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அக்காவுக்கு அதைப் புரியவைக்க எனக்குப் பாடம் தேவைப்படவில்லை. “பையன் வந்து ‘மு.வ. குறள்’னு கேப்பான். இதுல அடிச்சா ஒண்ணும் வராது. ஆசிரியர்னு திருவள்ளுவர் பேர் மட்டும்தானே இருக்கு?” என்றார்.

தெளிவுரை எழுதிய மு. வரதராசனாரின் பெயர் எங்கள் பழைய பதிவில் ஏறவே இல்லை. பையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகம் ஆண்டு முழுக்கக் கை மாறுகிற புத்தகம். உரையாசிரியரை 700ஆம் புலத்தில் சேர்த்து, அவர் பெயர்ப்பதிவில் ‘மு.வ.’வையும் கொடுத்தோம். பிறகு பரிமேலழகர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார். தமிழில் உரைக்காகவே தேடப்படும் நூல்கள் ஏராளம். அவற்றுக்கு மூல ஆசிரியர் பெயரை மட்டும் போட்டு நிறுத்துவது அரைப் பதிவு. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

ஜூன் 12, வியாழன்

மற்ற நூலகங்களின் பதிவுகளை இணையம் வழியே இறக்கிக்கொள்ளப் பழகினோம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1960களிலிருந்தே டெல்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழி நூல்களைத் திரட்டி வருகிறது; அதனால் அங்கே தமிழ் நூல்களுக்கும் நல்ல பதிவுகள் உண்டு. ஆனால் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியும் இட்டு வருகிறது. பொருள் தலைப்பையும் வகை எண்ணையும் எடுத்துக்கொண்டு, தலைப்பை அக்கா தமிழில் அடித்துச் சேர்க்கிறார். தமிழ்99 விசைப்பலகை அவருக்கு இப்போது கைவந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

கல்லூரி திறந்துவிட்டது. இனிக் காலை நேரம் நமக்கில்லை.

தம்பி விக்கிப்பீடியாவில் சான்று சேர்க்கும் இயக்கத்தைப் பற்றிச் சொன்னார். நூலகர் ஒவ்வொருவரும் ஒரு சான்றாவது சேர்க்கட்டும் என்று 2016இல், விக்கிப்பீடியாவின் 15ஆம் பிறந்தநாளையொட்டித் தொடங்கியது. அக்கா மதியம் ஒரு சான்றில்லாத வாக்கியத்தைப் பிடித்து, அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் பக்க எண்ணோடு சேர்த்தார். இதற்கு இணையம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தச் செய்தி எந்த நூலில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பயிற்சியைத் தொடர அனுமதி கேட்டு மாலையில் முதல்வருக்கு எழுத உட்கார்ந்தபோது சார்லட் நகரம் நினைவுக்கு வந்தது. 2006இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் - மெக்லன்பர்க் பொது நூலகத்தில் ஹெலீன் பிளோவர்ஸ் தம் ஊழியர்களுக்கு 23 சிறு வேலைகளைக் கொடுத்தார்: வலைப்பூ தொடங்கு, படம் ஏற்று, விக்கியில் எழுது. அவரவர் வேகத்தில் செய்யலாம். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. உலகெங்கும் நூலகங்கள் அதைப் பின்பற்றின. அதில் எனக்குப் பிடித்தது, பதவி பார்க்காமல் எல்லா ஊழியரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் கருவிகளின் பட்டியலிலிருந்து தொடங்குவது எங்களுக்குப் பொருந்தாது. வாசகர் கேட்டுக் கிடைக்காமல் போனது எது என்பதிலிருந்து தொடங்கினால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானே தெரிந்துவிடுகிறது. வாசகரின் நேரத்தைக் காப்பதை 1931இலேயே நூலகத்தின் நான்காவது விதியாக வைத்தார் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். கவுன்டரில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். தேடிக் கிடைக்காத சொல்லை மாணவர் சொன்னபடியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.

ஜூன் 25, புதன்

புதன்தோறும் ஒரு மணி நேரம் நால்வரும் சேர்ந்து உட்கார அனுமதி வந்துவிட்டது. கவுன்டரை அந்நேரம் மூடலாம். பருவம் முடியும்வரை உண்டு.

இன்னொன்றும் கேட்டிருந்தேன். கோஹாவில் அண்ணனின் கணக்குக்குப் புத்தகம் வழங்கித் திரும்பப் பெறும் அனுமதி மட்டுமே இருந்தது. பெயர்ப்பதிவுகளைத் திருத்தும் அனுமதியும் வேண்டும் என்றேன். “தப்பாயிட்டா?” என்று கேட்டார்கள். செய்த ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும்படி அமைக்கலாம், யார் எப்போது செய்தது என்று பார்த்துச் சரிசெய்யலாம் என்று திரையிலேயே காட்டினேன். ஒப்புக்கொண்டார்கள்.

நோட்டில் இதுவரை அதிகம் வந்திருப்பது ‘லா.ச.ரா.’ அண்ணன் முதலில் அதைத்தான் எடுத்தார். ராமாமிர்தம், ராமாமிருதம், இராமாமிர்தம், லா.ச.ரா. நான்கையும் ஒரே பதிவில் இணைத்துச் சேமித்துவிட்டு, தி. ஜானகிராமனைத் திறந்தார். “தி.ஜா.ன்னும் போடணும், தி.ஜானின்னும் போடணும் மேடம். பழைய வாத்தியாருங்க அப்படித்தான் கேப்பாங்க” என்றார். இரண்டையும் சேர்த்தோம்.